லூர்துசாமி கேட்ட லீவு

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் லூர்துசாமி நிற்கிறான். விடியலில் பாலுக்காக ரப்பர் மரம் சீவிய கை இன்னும் பிசுபிசுக்கிறது. தைப்பிங்கில், மாமியார் வீட்டில், பிறந்து ஒன்பது நாளான மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை. புதுத் துரையிடம் இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் மத்தியாஸ் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் காகிதம் வியர்வையில் நனைகிறது. கூடவே அவர் நடத்திய பாடம் வேறு: டீயை ‘மேக்’ பண்ணணும், வேலையை ‘டூ’ பண்ணணும், லீவை ‘டேக்’ பண்ணணும். குளியலை மட்டும் ‘ஹேவ்’ பண்ணி வைத்துக்கொள்வானாம் வெள்ளைக்காரன். அதை எங்கே வைப்பானோ, கர்த்தருக்கே வெளிச்சம். உள்ளே கூப்பிடுகிறார்கள். வாய் திறந்ததும் காகிதம் முழுக்க மறந்துபோகிறது.

“தொரை, மேக் டாட்டர். டேக் தைப்பிங். டூ லீவ்.”

துரையின் காது சிவக்கிறது. மேசை இழுப்பறையைத் திறந்து அவரும் தமிழ் வார்த்தைகள் எழுதிய ஒரு காகிதத்தை எடுக்கிறார். தோட்டத்துக்கு வரும் துரைமார் தேற வேண்டிய தமிழ்ப் பரீட்சை அவருக்கு அடுத்த மாதம். ஜன்னல் வெயிலில் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டுகிறார்.

“நீ... லீவு பிடி. ரயில் செய். பிள்ளைக்குப் பார்வை போடு.” பிறகு, வாத்தியார் முன் நிற்பவரைப் போலத் தயங்குகிறார். “சரியாப் பேசினேன்?”

“ஒரு தப்பும் இல்ல தொரை,” என்கிறான் லூர்துசாமி, மனதாரப் பொய் சொல்லி.

வாசலில் மத்தியாஸ் காத்திருக்கிறார். “என்னலா, இங்கிலீசு பலிச்சுச்சா?”

“பலிச்சுச்சு அண்ணே. இனிமே ஒரு ரயில் செய்யணும், வாரேன்.”