அனுமதி

என் கணவரைப் பாடையில் வைக்க நான்கு பேர் குனிந்தபோது, "அவர்கிட்ட கேட்டுட்டுத் தூக்குங்க" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சட்டக் கல்லூரியில் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர் அவர். ஒரு விமானத்திலிருந்து தன்னைக் கேட்காமல் மூட்டையைப்போல் தூக்கி இறக்கியதற்காகப் பல வருடம் வழக்காடி, தன்னைப் போன்ற யாரையும் அனுமதியில்லாமல் தொடக் கூடாது என்று தீர்ப்பு வாங்கியவர். "கேட்டா மட்டும் போதாது, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்" என்று மாணவர்களிடம் சொல்வார். கொழுந்தன் கதிரேசன் என் அருகே வந்து, "மதினி, வெயில் ஏறுது. அண்ணனே இதைக் கேட்டா சிரிப்பான்" என்றான். "சிரிக்கட்டும்" என்றேன். நால்வரில் மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் காதருகே குனிந்தார். "சார், தூக்கலாமா?" வாசலில் ஊன்றுகோல்களோடு நின்ற மாணவர்கள் அசையவில்லை. மூத்தவர் நிஜமாகவே காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார் என்னம்மா சொல்றாங்க?" என்றார். அதில் கேலி இல்லை. ஓட்டலில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீடுகளில், எதிரே இருக்கும் அவரை விட்டுவிட்டு எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். சாருக்குச் சர்க்கரை போடலாமா, சாருக்கு வலிக்குதா. ஒருமுறைகூட நான் அவருக்காகப் பதில் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் சொல்வார். அன்றும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். நால்வரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.