பதிமூன்று

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகுமென்று அவரவர் எண் அட்டைக் கட்டிலிருந்து ஆளுக்கொன்றைக் கவிழ்த்துவைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவது அந்த மென்பொருள் குழுவின் வழக்கம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் போடக்கூடாது. இம்முறை வந்த வேலையைச் செய்யவேண்டியவள் தாட்சாயணி. "பதிமூணு நாள் ஆகத்தான் செய்யும். நானும் அதையே போடுறேன், பயப்படாத," என்று கேன்டீனில் சொல்லியிருந்தான் குமரகுரு. அன்று மேலாளர் முந்திக்கொண்டு தன் அட்டையைத் திருப்பினார். மூன்று. எல்லோர் கண்ணும் அதில் இருந்தபோது, குமரகுருவின் கை பதிமூன்றைத் தொடைக்கடியில் தள்ளிவிட்டு மூன்றை எடுத்துவைத்தது. சுற்றிலும் மூன்றுகள். தாட்சாயணியிடம் மட்டும் பதிமூன்று. "என்னம்மா, வீடா கட்டப்போற?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள், அவனும். "சரி சார், மூணு," என்றாள் அவள். கூட்டம் கலைந்தது. அட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது அன்று அவள் முறை. குமரகுருவின் கட்டை எண்ணிப் பார்த்தவள் மேசைக்கடியில் குனிந்து தேடினாள். "ஒண்ணு குறையுது குரு. கொஞ்சம் எந்திரிங்க." "நீ போ, நான் தேடித் தர்றேன்." அவள் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்து நின்றார்கள். அவள் பெட்டியைத் திறந்தபடியே அவன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.