பூனைக்கு நல்ல தூக்கம்

கணவர் அருமைராஜைப் புரட்டிப் படுக்கவைக்க ஜெசிந்தா கட்டிலின் பிடியைத் தொட்டாள். கட்டில் அசையவில்லை.

"பராமரிப்பவருக்கு இன்று கட்டாய ஓய்வு. மாற்று நர்ஸ் வாசலில் நிற்கிறார்" என்றது கட்டிலின் கணினிக் குரல்.

தன் தூக்கத்தை அளக்கும் கைப்பட்டையை அவள் மூன்று வாரமாகப் பூனையின் கழுத்தில் கட்டிக் கட்டிலை ஏமாற்றியிருந்தாள்.

"நீங்கதான் காட்டிக் குடுத்தீங்களா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"ஆமா. இன்னைக்கு ஒனக்குக் கேரம் பைனல். நான் செத்த பெறவா ஆடப் போற? போ."

திட்டிக்கொண்டே போனாள். புற்றுநோய் தின்றது போக மிஞ்சியிருந்த அவர் நெஞ்சின் மேல், மாலையில் தான் வென்ற கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெட் யாரு போட்டா?"

"நாந்தான். கடைசி போர்டுல."

அருமைராஜ் வலியோடு சிரித்தார்.

"அடுத்த வாரமும் ஓய்வு உண்டு. பூனையத் தேடாத, நர்ஸ்கிட்ட குடுத்தனுப்பிட்டேன்."