இருபதில் நிற்கும் முள்

வேக மீற்றர் முள் இருபதிலேயே நிற்கிறது. சன்னலுக்கு வெளியே கடல் பறக்கிறது. பழைய வாடகைக் காருக்கு லொறியின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் மாட்டியதிலிருந்து முள் சொல்வதெல்லாம் பொய். ஒத்துப்பார்க்க மைல்கல்லும் இல்லை. படையெடுத்து வரும் ஜப்பான்காரனுக்கு வழி தெரியக்கூடாதென்று எல்லாவற்றிலும் தார் பூசிவிட்டார்கள். துறைமுக வீதியில் இருபது மைல் வேகத்தைத் தாண்டினால் சாரதி கனகசிங்கத்தின் லைசென்ஸ் போய்விடும். இராணுவப் பொலிஸின் மோட்டார்சைக்கிள் உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. அவர் பக்கத்து சீட்டிலிருக்கும் மெக்கானிக் றஹ்மானிடம் திரும்புகிறார். "நானா, நிப்பாட்டட்டோ?" "கொஞ்சம் பொறுங்க! இந்த ஊர்ல சரியான மீற்றர் அவன்ட சைக்கிள்லதான் இரிக்கி." றஹ்மான் இடுப்புவரை வெளியே தொங்கி எட்டிப்பார்க்கிறார். "முப்பது!" என்று கத்தியபடியே உள்ளே வந்து, முள்ளுக்கு நேரே மீற்றர் கண்ணாடியில் சோக்குக்கட்டியால் கோடு கிழிக்கிறார். "கணக்குப் புடிபட்டுட்டு. இனி நிப்பாட்டுங்க." பொலிஸ் வெள்ளைக்காரனின் கையுறை ஏற்கனவே லைசென்சுக்கு நீள்கிறது.