ஐந்தாம் மாடி மாப்பிள்ளை

கிருசாந்தி கைபேசியில் மாப்பிள்ளையின் படத்தை விரலால் பெரிதாக்கினாள். பிறகும் பெரிதாக்கினாள். மாப்பிள்ளையின் முகம் திரைக்குள் அடங்காமல் வெளியே போனது; பின்னாலிருந்த மாடி யன்னல்களும் கடலும் மிஞ்சின. அவள் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாய் சிவனேஸ்வரிக்கு அதைப் பார்க்க ஆத்திரம் வந்தது. வந்த மூன்று சம்பந்தங்களையும் ஒரே மூச்சில் தட்டிக் கழித்த பெட்டை, இதற்கு மட்டும் சாதகம் பார்க்க முன்னமே தலையாட்டிவிட்டாள். விழுந்துவிட்டாள் என்றுதான் தாய் முடிவு கட்டினாள்.

"படத்தைத் தின்னாமல் போய் முகத்தைக் கழுவு. மாப்பிள்ளை ஆக்களின்ர வான் பரந்தன் சந்திக்கு வந்திட்டுதாம்."

மாப்பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வங்கியில் வேலை. குறை அவன் இருக்கும் கொழும்பில் இருந்தது. பாஸ்போட் அலுவலாக ஒருதரம் போய் வெள்ளவத்தையில் மூன்று நாள் நின்றவள் சிவனேஸ்வரி. அந்த மூன்று நாளும் அவளுக்கு ஆயுள் முழுக்கத் திட்டப் போதுமாயிருந்தது. தனி ஆளாக நின்று, வயல் செய்து வளர்த்த ஒரே பிள்ளையை அந்தப் புறாக்கூட்டுக்கு அனுப்புவதா?

வேண்டாம் என்று நேரே சொன்னால் பெட்டை சாப்பாட்டை விட்டுவிடுவாள். வந்தவர்களே ரோசப்பட்டு எழும்பிப் போகவேண்டும். அதற்குத் தன் வாய் போதும் என்று சிவனேஸ்வரிக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் தாய் நேசமலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துப் புழுதியைக் கடந்து வந்தாள். கதிரையில் இருந்ததும் விசிறி கேட்டாள்.

"என்னெண்டு இந்த வெக்கையில இருக்கிறியள்? எங்களுக்கெண்டால் ஐஞ்சாம் மாடி, ஒரே கடற்காத்து. கீழ இறங்கினால் கடை, கோயில், ஆசுப்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம்."

"கடற்காத்தோ?" சிவனேஸ்வரி தொடங்கினாள். "ரெயில் சத்தத்துக்கு யன்னலைச் சாத்திப்போட்டெல்லோ இருக்கிறியள்! ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கும் கடைக்கு ஓடுற சீவியம் ஒரு சீவியமோ?"

"லிப்ற் இருக்குது. ஏறி இறங்கிறது கஷ்டமில்லை."

"இருக்கும். வேலை செய்யுதோ?"

நேசமலர் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிட்டாள். மாப்பிள்ளை ரஜிதன் கதவுக்கு வெளியே கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, கோடையிலயும் கிணத்தில தண்ணி நிக்குமோ?"

"நிக்குமோவோ? தம்பி, உது உங்கட பைப்பில வாற மருந்துத் தண்ணியெண்டு நினைச்சீரோ? குடிச்சுப் பாரும், பிறகு கொழும்புத் தண்ணியில கால்கூடக் கழுவமாட்டீர்."

கிருசாந்தி தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். சிவனேஸ்வரி கடைசி அம்பை எடுத்தாள்.

"பக்கத்து வீட்டில ஆர் இருக்கினமெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"ஒரு டொக்டர் போல..."

"போல! ஆள் செத்துக் கிடந்தாலும் மணத்தாப் பிறகுதான் கதவைத் தட்டுவியள். ஆர் எங்க போகினம், எப்ப வருகினமெண்டு கேக்க ஒரு நாதியில்லாத ஊர்."

"அது நல்லதுதானே, அம்மா," என்றாள் கிருசாந்தி மெல்ல. நேற்று கந்தோரில் வேலை முடிந்து பதினைந்து நிமிடம் பிந்தி வந்ததற்கு ஒழுங்கையில் மூன்று பேருக்கு விளக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவள் அவள். சிவனேஸ்வரி கண்ணாலேயே மகளின் வாயை மூடினாள்.

நேசமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். இதோ எழும்பப் போகிறாள் என்று சிவனேஸ்வரி காத்திருந்தாள். எழும்பவில்லை. அவளுடைய கண் கலங்கியது.

"நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. லிப்ற் பழுதாகி நாலு மாசம். இந்த முழங்காலோட நான் தனியப் படி இறங்கேலாது, இண்டைக்கும் இவன்தான் பிடிச்சு இறக்கினவன். கடலை மேலயிருந்து பாக்கிறதோட சரி. மாப்பிள்ளை வீட்டாக்களெண்டு வந்திட்டுக் கெத்தை விடேலாமல் கதைச்சிட்டன்."

"அம்மா, விசயத்தைச் சொல்லுங்கோவன்," என்றான் ரஜிதன்.

"இவன் இஞ்ச கிட்ட, கிளிநொச்சிக் கிளைக்கு மாற்றம் எடுத்திட்டான். அந்த வாடகை வீட்டையும் விடப்போறம். கலியாணம் முடிய எல்லாரும் இஞ்சாலப் பக்கமே வந்து இருப்பமெண்டு யோசனை. கொழும்பு மாப்பிள்ளையெண்டு சொல்லிப்போட்டு, இதை எப்பிடி உங்களிட்டச் சொல்லுறதெண்டுதான் தயங்கினனான்."

சிவனேஸ்வரியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பெட்டை கண்ணுக்கு முன்னாலேயே இருப்பாள்! இவ்வளவு நேரமும் எரிந்த முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. நேசமலர் அந்த நொடியிலேயே அவளுக்குச் சம்பந்தியாகிவிட்டாள்.

"இதுக்கு என்ன சம்மந்தி தயக்கம்? வேற வீடு ஏன்? பின் வளவுக் காணி சும்மாதானே கிடக்குது. இன்னொரு வடை எடுங்கோ. தம்பி, நீரும் எடும்."

பிறகு மகளின் பக்கம் திரும்பினாள். குரலில் தேன் வடிந்தது.

"கேட்டியோ பிள்ளை? நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை. உனக்குச் சம்மதம்தானே?"

கிருசாந்தி ரஜிதனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்."