இடைவேளையில் சொன்ன தீர்ப்பு

பகல் காட்சி. திரையில், காலையில் ஒருவனைக் கொன்றவன் அதே கையால் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறான். திரையின் நீல வெளிச்சம் விமர்சகரின் மூக்குக்கண்ணாடியில் அசைகிறது. எல்லோரையும் முந்திவிட வேண்டுமென்று, வழக்கம்போல இடைவேளையிலேயே, "வெட்டிப் படம், வீட்டிலேயே தூங்குங்கள்" என்று கொட்டாவி விட்டுக் காட்டி வீடியோ போட்டாயிற்று. இப்போது பாப்கார்னுக்குள் போன கை வெளியே வரவில்லை. சனியன், பாதிக்கு மேலா இந்தப் படத்துக்கு உயிர் வர வேண்டும்? பக்கத்து இருக்கையில், அவருடைய சேனலைக் கவனித்துக்கொள்ளும் தங்கை கைபேசியைப் பார்த்துக் கிசுகிசுக்கிறாள்.

"அண்ணா, வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

"அதைத் தூக்கிடு."

"நல்லா ஓடுறதையா? உனக்கென்ன கிறுக்கா?"

அவர் பல்லைக் கடிக்கிறார். திரையில் கதவு தட்டப்படுகிறது. சீப்பு பாதிப் பின்னலில் நிற்கிறது. வெளியே நிற்பது செத்தவனின் தாய், போலீஸோடு. நியாயமெல்லாம் அவள் பக்கம்தான். கொலைகாரன் எழுந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

"தொறக்காதடா!" விமர்சகர் வாய்விட்டுக் கத்திவிடுகிறார்.

முன்வரிசை இளைஞன் திரும்பிப் பார்க்கிறான். அவன் மடியில் ஒளிரும் கைபேசியில், சத்தமில்லாமல், அதே மூக்குக்கண்ணாடி முகம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது.