மஞ்சள் குடை

காதல் நகைச்சுவைப் படம் என்றால், தொடக்க டைட்டிலில் நாயகன் பெயர் இடப்பக்கமிருந்தும் நாயகி பெயர் வலப்பக்கமிருந்தும் ஓடிவந்து முட்டிக்கொள்ள வேண்டும். டைட்டில் செய்யும் மெர்லின் பன்னிரண்டு படங்களில் அப்படித்தான் முட்டவைத்திருக்கிறாள். இந்தப் படம் முடிவதற்குள், நிஜத்திலும் காதலித்துக்கொண்டிருந்த நாயகன் நிவேதனும் நாயகி தாரிகாவும் பிரிந்துவிட்டார்கள். தங்கள் பெயர்கள் ஒரே ஃப்ரேமில் வரக்கூடாது என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மெர்லினிடம் கொடுத்தார்கள்.

"தனித்தனியா போட்டா ஜனங்க கொலைப் படம்னு நெனச்சுக்குவாங்கம்மா," என்றார் தயாரிப்பாளர்.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றாள் மெர்லின்.

திரையில் நிவேதனின் பெயர் மஞ்சள் குடையோடு நடந்துவந்தது. குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மறந்துபோய் வெளியேறியது. மழை பிடித்துக்கொண்டது. தாரிகாவின் பெயர் தொப்பலாக நனைந்து ஓடிவந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குடையை எடுத்து விரித்தது. ப்ரிவியூவுக்கு வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வரிசையின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் தாரிகா மெர்லினைத் தேடி வந்தாள்.

"அந்தக் குடைய அவன்கிட்ட திருப்பிக் குடுக்கற மாதிரி ஒரு ஷாட் இல்லையா?"

"அதுக்கு ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வரணுமே மேடம்," என்ற மெர்லின், பையிலிருந்து தாரிகாவின் கடிதத்தை எடுத்து அவளிடமே நீட்டினாள்.